முதல் நாவலை எழுதி முடிப்பது எப்படி: பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுவோருக்கு

முதல் நாவல் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறோம். நேற்று எழுதிய பக்கத்தை இன்று படித்து, பிடிக்காமல் மாற்றி, நாளை மறுபடியும் மாற்றுகிறோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு அத்தியாயங்கள் பளபளவென்று இருக்கும், மூன்றாவது இருக்காது. எழுதும் காலம் வேறு, திருத்தும் காலம் வேறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவராலும் சுமார் ஒரு வருடத்தில் ஒரு நாவலை முடிக்க முடியும். அதற்கான வழி இது.

அளவும் கணக்கும்

முதலில் எவ்வளவு எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். டெமி அளவுத் (நாவல்கள் வழக்கமாக வரும் அளவு) தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 220 சொற்கள் வரும். 45,000 சொற்கள் என்றால் இருநூறு பக்கத்தைத் தாண்டிய நாவல். முதல் முயற்சிக்கு இது போதும். 20,000 சொற்களுக்குள் முடியும் கதை குறுநாவலாகவே இருக்கட்டும், இழுக்க வேண்டாம். 1,00,000 சொற்கள் எழுத வேண்டும் என்று தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு பெரிய பிரதியைத் திருத்தும் பழக்கம் முதல் நாவலில் யாருக்கும் இருக்காது.

நவம்பர் மாதத்தில் முப்பதே நாளில் 50,000 சொற்கள் எழுதும் 'நானோரைமோ' பழக்கம் 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் 'ஒரு நாளைக்கு 1,667 சொற்கள்' என்ற அதன் கணக்கு இன்னும் சுற்றி வருகிறது. அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. 'வரச்சொல்லியிருந்தேனே' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொற்கள் ஆகும். ஆகவே தமிழில் 1,667 சொற்கள் என்பது அதைவிடக் கனமான சுமை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. 'வந்துகொண்டிருந்தாள்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'வந்து கொண்டிருந்தாள்' என்று பிரித்தால் இரண்டு. சேர்த்தா பிரித்தா என்பதை முதல் நாளே முடிவு செய்து கடைசிவரை அப்படியே எழுதுங்கள். எண்ணிக்கையும் நம்பும்படி இருக்கும், பிழை திருத்தும்போது வேலையும் குறையும்.

இப்போது காலக் கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 350 சொற்கள் என்றால் வாரம் 1,750. 45,000 சொற்களுக்கு 26 வாரம். தீபாவளி, காய்ச்சல், ஊரில் கல்யாணம், ஆபீஸில் வேலை நெருக்கும் வாரங்கள் என்று நான்கு வாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது வாரம் ஆகிறது. ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால் டிசம்பர் கடைசியில் முதல் வரைவு முடியும். ஜனவரி முழுக்க அதைத் தொடக்கூடாது. பிப்ரவரியிலிருந்து மே வரை திருத்தம். ஜூனில் பதிப்பகத்துக்கு அனுப்பலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் வருடத்தைத் திட்டமிடுகின்றன. அக்டோபரில் போய் நிற்கும் பிரதியை நிதானமாகப் படிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

350 சொற்கள் எழுதப் புதியவருக்கு நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்ப்பவர் இதை இரவுக்கு ஒதுக்கினால் பெரும்பாலும் நடக்காது. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர்ந்த உடம்பு எழுத உட்காராது. காலையில் வீடு விழிக்கும் முன் ஒரு மணி நேரம்தான் சரிப்பட்டு வரும். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் அந்த நேரத்தில் உரைநடை எழுத முயலாதீர்கள். அடுத்த காட்சியில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதைக் கேட்டு வருகிறார், எதை மறைக்கிறார் என்று மூன்று வரிக் குறிப்பு மட்டும் போனில் எழுதுங்கள். மறுநாள் காலை வெற்றுத் திரையைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

சுவரில் மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, அன்றன்று எழுதிய எண்ணை அந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு நாள் தவறினால் கட்டம் காலியாக இருக்கட்டும். தவறிய நாளின் பாக்கியை மறுநாளோடு சேர்க்காதீர்கள். பத்து நாள் தவறினால் 3,500 சொல் கடனாக நிற்கும், அந்தக் கடனைப் பார்த்தே எழுதுவதை விட்டுவிடுவோம். காலண்டரில் நான்கு வாரம் உபரியாக வைத்தது இதற்குத்தான்.

தொடங்கும் முன் பத்து நாள்

கதையை இரண்டு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது. இந்தக் கட்டுரைக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்: 'சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் கலா, அல்சூரில் லீசுக்கு ஒரு வீடு பிடிக்கப் பணம் சேர்க்கிறாள். சேர்த்த பணத்தை அண்ணன் எடுத்துவிடுகிறான்.' லீசு என்றால் மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. இந்த ஊர்க்காரருக்கு இது தெரியும். திருநெல்வேலி வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். கதை இதன்மேல் நிற்பதால் முதல் இருபது பக்கத்துக்குள் ஒரு காட்சியிலேயே அது புரிந்துவிட வேண்டும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. எந்த வருடத்தில் கதை நடக்கிறது, அப்போது ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் ஊரின் கணக்கை எழுதுங்கள். தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28. அப்படியானால் 2003இல் கலாவின் அப்பா ஷிப்டுக்குக் கிளம்ப முடியாது. மெட்ரோ முதலில் ஓடியது 2011 அக்டோபரில், பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோடுக்கும் இடையில். 2009இல் ஒருவர் அல்சூரில் மெட்ரோ ஏறினால் அது பிழை. விமானம் தேவனஹள்ளிக்கு மாறியது 2008 மே மாதம், அதற்கு முன் எச்.ஏ.எல். விமான நிலையம்தான். ஊர்ப்பெயர் அதிகாரப்பூர்வமாகப் 'பெங்களூரு' ஆனது 2014 நவம்பர் 1. 1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் நடந்த காவிரிக் கலவரத்தை உங்கள் பாத்திரம் நினைத்துப் பார்த்தால், அப்போது அவருக்கு எத்தனை வயது, எந்தத் தெருவில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நினைவு மங்கலாக இருக்கலாம், ஆனால் வயது பொருந்த வேண்டும்.

மூன்றாவதாக, ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியருக்கு அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு பட்டியல் தமிழ் நாவலுக்கு அவசியம் வேண்டும். அதை முறைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாத்திரத்தையும் கதைசொல்லி 'அவன்' என்கிறாரா 'அவர்' என்கிறாரா? யார் யாரை 'நீ' என்கிறார்கள், யார் யாரை 'நீங்க' என்கிறார்கள்? கலா அண்ணனை 'அண்ணே' என்கிறாளா, 'ண்ணா' என்கிறாளா? வீட்டுக்காரம்மாவை 'ஆன்ட்டி' என்கிறாளா, 'அம்மா' என்கிறாளா? இதை எழுதி வைக்காவிட்டால் இரண்டாம் அத்தியாயத்தில் 'வந்தார்' என்ற அப்பா ஒன்பதாம் அத்தியாயத்தில் 'வந்தான்' ஆகிவிடுவார். முறை தெரியாமல் மாறினால் பிழை. தெரிந்து மாற்றினால் அதைவிட வலுவான கருவி நம்மிடம் இல்லை. அண்ணன் பணத்தை எடுத்தது தெரிந்த அன்று கலா முதல்முறையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பக்க வசனம் மிச்சம்.

இந்தப் பத்து நாளில் இடத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். காட்சி ரஸ்ஸல் மார்க்கெட்டில் நடக்கிறதென்றால் அது நடக்கும் அதே நேரத்தில் போங்கள். காலை ஏழு மணி சிவாஜிநகரும் மாலை ஏழு மணி சிவாஜிநகரும் வேறு வேறு. ஊரைப் பற்றிய பெரிய வர்ணனை தேவையில்லை. ஒரு தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிறு ஓட்டல்) இருவர் பை-டூ காபி, அதாவது ஒரு காபியை இரண்டாகப் பிரித்து, வாங்குகிறார்கள், யார் பெரிய பங்கை மற்றவர் பக்கம் தள்ளுகிறார் என்பதைப் பார்த்து எழுதினால் உறவும் ஊரும் ஒன்றாக வந்துவிடும்.

எழுத்துக் கருவி

எதில் எழுதினாலும் யூனிகோடில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் நாவல் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். விசைப்பலகையில் தமிழ்99 கற்க இரண்டு வாரம் பிடிக்கும். உச்சரிப்பு முறையைவிடக் கொஞ்சம் குறைவான தட்டல்களில் வேலை முடியும் என்பதால், 45,000 சொல் அடிக்கப் போகிறவருக்கு அந்த இரண்டு வாரம் வீணாகாது. ஆனால் நாவல் நடந்துகொண்டிருக்கும்போது விசைப்பலகையை மாற்றாதீர்கள்.

குரலில் சொல்லி எழுதவைப்பது வசனத்துக்கு ஓரளவு உதவும். ஆனால் நிறுத்தக்குறி வராமல் போகலாம், பேச்சுவழக்கைத் தானாகவே எழுத்துத் தமிழாக மாற்றிவைக்கலாம், பெயர்களைக் குழப்பலாம். கையால் எழுதுகிறவர்கள் நீள நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தைத் திருத்தத்துக்கு விடுங்கள். தட்டச்சு செய்யும்போது அதுவே முதல் திருத்தமாகிவிடும்.

அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயரில் தேதி, வாரம் ஒருமுறை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி. போனில் நீளமான ஒரே கோப்பாக வைத்தால் முப்பதாயிரம் சொல்லைத் தாண்டும்போது திணற ஆரம்பிக்கும்.

முதல் வரைவு

விதி ஒன்றுதான். நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். அதற்கு முன்னால் உள்ளதைத் திறக்காதீர்கள். தகவல் தெரியவில்லையா, அந்த இடத்தில் 'கககக' என்று அடித்துவிட்டு நகருங்கள். 'ரயில் காலை கககக மணிக்குக் கிளம்பியது.' தமிழில் எந்தச் சொல்லிலும் நான்கு 'க' அடுத்தடுத்து வராது, ஆகையால் பின்னால் தேடினால் இந்த இடங்கள் மட்டும் கிடைக்கும். ரயில் நேரம் தேடப் போய் ஒரு மணி நேரம் கைபேசியில் தொலைந்த காலைகள் எழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.

நடுவில் கதையே மாறலாம். கலாவுக்கு அண்ணன் வேண்டாம், தம்பிதான் சரி என்று 18,000ஆவது சொல்லில் தோன்றினால், ஒரு வரி குறிப்பு எழுதிவிட்டு அங்கிருந்து தம்பி என்றே எழுதுங்கள். திரும்பிப் போய் முந்தையதை மாற்றவேண்டாம். அது பிப்ரவரி வேலை.

12,000 முதல் 15,000 சொற்களுக்குள் பெரும்பாலும் ஒரு தேக்கம் வரும். எல்லோரையும் அறிமுகம் செய்தாகிவிட்டது, இடமெல்லாம் வந்துவிட்டது, அடுத்து என்ன என்று தெரியாமல் பாத்திரங்கள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். இதுவரை யாரும் எதையும் இழக்கவில்லை என்பதுதான் இதற்குக் காரணம். எழுத்தாளர் தன் பாத்திரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எழுதிய காட்சிகளை எண்ணிப் பாருங்கள். இருபது காட்சியில் எத்தனையில் ஒரு நிலைமை திரும்ப முடியாதபடி மாறியிருக்கிறது? இரண்டோ மூன்றோதான் என்றால், அண்ணன் பணத்தை எடுப்பதை இன்றைக்கே எழுதிவிடுங்கள். 'அதை இடைவேளைக்கு வைத்திருக்கிறேன்' என்று சேர்த்து வைப்பது சினிமா பார்த்து வந்த பழக்கம். நாவலில் பெரிய சம்பவம் முன்னாலேயே நடக்கட்டும், அதன் பின்விளைவில்தான் பக்கங்கள் இருக்கின்றன.

அதன் பிறகும் நகரவில்லை என்றால் கடைசிக் காட்சியை எழுதுங்கள். வரிசையாகத்தான் எழுதவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போய்ச் சேரும் இடம் தெரிந்தால் வழி கொஞ்சம் பிடிபடும். பின்னால் அந்தக் காட்சியை முழுக்கத் தூக்கிப்போட நேரலாம், பரவாயில்லை.

இந்த ஏழு மாதமும் கதையை யாரிடமும் விரிவாகச் சொல்லாதீர்கள். சொல்லி முடித்த கதையை எழுத மனம் வராது.

பேச்சும் கன்னடமும்

பெங்களூர் நாவலில் இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். கதைசொல்லியின் மொழி எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வசனம் பேச்சுத் தமிழில் இருக்கட்டும், ஆனால் எல்லோருடைய பேச்சும் ஒன்றாக இருக்கக்கூடாது. மர்பி டவுனில் மூன்று தலைமுறையாக இருப்பவர், தங்கவயல்காரர், ஐ.டி. வேலைக்குப் போன வருடம் கோவையிலிருந்து வந்தவர், மூவரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஒவ்வொருவருக்கும் அடிக்கடி வரும் சொல் மூன்றைக் குறித்து வைத்து அதை மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாச் சொல்லையும் கொச்சையாக்கினால் படிக்கவே முடியாது.

கன்னட வசனத்தில் எழுத்தே ஒரு பொறி. 'வாங்க' என்று மரியாதையாக அழைக்கும் கன்னடச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'பன்னி' என்று நிற்கும். ஊர் தெரியாத வாசகர் வீட்டுக்காரர் ஏன் திட்டுகிறார் என்று திகைத்துவிடுவார். 'வேண்டாம்' என்பதற்கான சொல் 'பேடா' என்று வரும்போது இனிப்பாகிவிடும். தமிழ் எழுத்துக்கு அந்த ஒலி வேறுபாடு கிடையாது, அதனால் அடிக்குறிப்பு போடும் ஆசை வரும். போடாதீர்கள். செய்கையாலும் பதிலாலும் பொருளைக் காட்டிவிடலாம்:

'பன்னி, பன்னி' என்று வீட்டுக்காரர் கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். 'வரோம் சார்' என்று கலா செருப்பைக் கழற்றினாள்.

கதவு, ஒதுங்கல், பதில். மூன்றும் சேர்ந்து பொருளைச் சொல்லிவிடுகின்றன. ஒரு காட்சிக்கு இரண்டு கன்னட வரி போதும். மீதியைத் தமிழிலேயே எழுதி, 'கன்னடத்தில் சொன்னார்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வாசகர் ஏற்றுக்கொள்வார்.

ஆறப்போடுதல்

வரைவு முடிந்த நாளிலிருந்து நான்கு வாரமாவது கோப்பைத் திறக்காதீர்கள். உடனே படித்தால் தாளில் இருப்பதைப் படிக்கமாட்டீர்கள், மனதில் இருப்பதைத்தான் படிப்பீர்கள். அந்த நாட்களில் பிறர் நாவல்களைப் படியுங்கள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, கப்பன் பூங்காவில் மாநில மைய நூலகம் இருக்கிறது.

திருத்தம்

பிப்ரவரியில் முழுப் பிரதியையும் அச்செடுங்கள். ஏ4 தாள், 13 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும். 45,000 சொல்லுக்கு 180 முதல் 200 தாள் வரும். ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். திரையில் கண் வழுக்கிக்கொண்டு போகும், தாளில் நிற்கும்.

முதல் வாசிப்பில் பேனா கூடாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் வாசகரைப் போலப் படித்து முடியுங்கள். சலித்த இடத்தில் தாளின் ஓரத்தை மடியுங்கள், அவ்வளவுதான். இங்கே ஒற்றுப்பிழை திருத்த உட்கார்ந்தால் மொத்தமும் போய்விடும். அடுத்த மாதம் வெட்டப்போகும் காட்சிக்கு இந்த மாதம் சந்தி சரிபார்ப்பதில் என்ன பயன்?

அடுத்தது காட்சிப் பட்டியல். காட்சிக்கு ஒரு வரி. எங்கே, எப்போது, யார் யார், எத்தனை சொல், கடைசியாக 'என்ன மாறியது'. 45,000 சொல் நாவலில் நாற்பது முதல் அறுபது காட்சி இருக்கும். 'என்ன மாறியது' என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் காட்சியை வெட்டுங்கள், அல்லது அதில் உள்ள ஒரே நல்ல வரியை அடுத்த காட்சிக்குக் கொண்டுபோங்கள். மடித்த ஓரங்களில் பலவும் இந்தக் காலிக் கட்டங்களோடு பொருந்துவதைப் பார்ப்பீர்கள். வெட்டியதைத் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள், வெட்டக் கை வரும். தேதி, வயது, முறைப் பட்டியல் மூன்றையும் இந்தப் பட்டியலோடு வைத்து ஒப்பிடுங்கள். 'கககக' அனைத்தையும் இப்போது நிரப்புங்கள். இதற்கு மார்ச் கடைசிவரை ஆகும். இந்தக் கட்டத்தில் சொல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஏழு காட்சி என்று இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் வரி வரியான திருத்தம். உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம் நீளம், நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் அதிகம். ஒரு பத்தியைப் பார்ப்போம். முதல் வரைவில் இப்படி இருக்கிறது:

'மழை பெய்துகொண்டிருந்தது. கலா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மனதில் ஒரு இனம்புரியாத சோகம் குடிகொண்டிருந்தது. திடீரென்று ஒரு ஆட்டோ வந்து நின்றது. "எங்கே போக வேண்டும்?" என்று டிரைவர் கேட்டான். "அல்சூர்" என்று மெல்லச் சொன்னாள்.'

மூன்று வாக்கியத்தில் மூன்று 'கொண்டிருந்தது'. இது முதல் வரைவுகளில் அதிகம் வரும் நோய். இரண்டு இடத்தில் 'ஒரு' தேவையே இல்லை. 'இனம்புரியாத சோகம்' வாசகருக்கும் இனம் புரியாது. ஆட்டோ திடீரென்று வரவில்லை, பஸ் ஸ்டாப்பில் ஆட்டோ வந்து நிற்பது வழக்கம். டிரைவர் பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறான். திருத்திய பின்:

'சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கலா நனைந்தபடி நின்றாள். துணிக்கடைப் பையை மட்டும் துப்பட்டாவால் மூடி மார்போடு பிடித்திருந்தாள். உள்ளே அம்மாவின் எக்ஸ்ரே. ஆட்டோ ஒன்று ஓரம் கட்டியது.
"எல்லிகே?"
"அல்சூர். லேக் பக்கம்."
டிரைவர் தமிழுக்கு மாறினான். "மீட்டருக்கு மேல முப்பது ஆவும்மா."'

சோகம் என்ற சொல் போய்விட்டது, பைக்குள் எக்ஸ்ரே வந்துவிட்டது. தான் நனைந்தாலும் அது நனையக்கூடாது என்பதில் கலாவின் மனம் தெரிகிறது. 'எல்லிகே' என்பதன் பொருள் பதிலில் இருக்கிறது. ஆனால் எல்லாப் பத்தியையும் இப்படிச் செதுக்க வேண்டியதில்லை. காட்சியின் முதல் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் இந்தக் கவனம் கொடுத்து, நடுவில் தடையில்லாமல் ஓடவிட்டால் போதும்.

தேடல் வசதியில் 'கொண்டிருந்', 'திடீரென்று', 'மெல்ல', 'சற்று', 'ஒருவித', 'ப்பட்டது' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் போய்விடும். வசனத்துக்குப் பின் 'என்று கூறினாள், என்று வினவினாள், என்று பதிலளித்தாள்' என்று மாற்றி மாற்றி எழுதுவதையும் விடுங்கள். 'என்றாள்' போதும். யார் பேசுவது என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

கடைசியில் எழுத்துப்பிழை. 'அந்தப் பையன்', 'வீட்டுக்குப் போனாள்' போன்ற ஒற்றுகளுக்கு 'நாவி' சந்திப்பிழை திருத்தியும், சொற்பிழைக்கு 'வாணி'யும் உதவும். பேச்சுவழக்கு வசனத்தை அவை பிழை என்று காட்டும், அங்கே கேட்கவேண்டாம். 'ஔ' இருக்கவேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்போம். கண்ணுக்குத் தெரியாது, 'ஔ' என்று தேடினால் கிடைக்காது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பகுதி இருந்தால் துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கலாம்.

பிறர் படிப்பது

மூன்று பேர் போதும். ஒருவர் இந்த ஊர்த் தமிழர், ஒருவர் பெங்களூருக்கே வராதவர், ஒருவர் நிறைய நாவல் படிப்பவர். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாருடைய பெயர் குழம்பியது, எது நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்தது, எந்த இடம் புரியவில்லை என்று கேளுங்கள். படிக்க மூன்று வாரம் கொடுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே குறை இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீர்வை நீங்களே கண்டுபிடியுங்கள்.

அனுப்புவது

பதிப்பகத்தின் பட்டியலைப் பார்த்து, உங்கள் நாவல் போன்றவற்றை வெளியிடுகிறார்களா என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், மொத்தச் சொல் எண்ணிக்கை. சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் பதில் இல்லாவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். உரிமைத்தொகை விற்பனை விலையில் பத்து சதவீதம் என்பது வழக்கமான பேச்சு. எந்த விலையில், எத்தனை பிரதிக்கு, எப்போது தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாவலில் சினிமாப் பாட்டின் வரிகளை எடுத்துப் போட்டிருந்தால் அனுமதி வேண்டும். படைப்பாளி இறந்து அறுபது ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது. பாட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எளிது. சொந்தமாக வெளியிடுவோர், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

பக்க வடிவமைப்பு முடிந்து மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி) வரும்போது முழுவதையும் மறுபடி தாளில் படியுங்கள். யூனிகோடிலிருந்து அவர்களுடைய எழுத்துருவுக்கு மாறும்போது 'ஸ்ரீ', 'க்ஷ', மேற்கோள் குறிகள், மூன்று புள்ளிகள் ஆகியவை முதலில் உடையும். அவற்றைத் தேடிப் பாருங்கள். பிறகு தலைப்புப் பக்கத்துக்குப் போய் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.